நாலு மார்க் கேள்வி

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம், தையல் மெஷின்கள் நலம், காஜாம்மாவும் நலம். ஒரு சட்டையின் ஏழு பொத்தானுக்குக் காஜா எடுத்து முடிப்பதற்குள் எழுபது ஊர்வம்பு பேசிவிடுகிறாள். நீ கிளம்பிய பிறகு வீடு அமைதியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த அம்மா இருக்கும்வரை அது நடக்காது.

உன்னை அந்தப் பயிற்சி விடுதியில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அந்த வார்டன் உன் போனை வாங்கித் துணிப்பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, நம்பர் சீட்டு ஒட்டினாரே, எனக்குச் சுருக்கென்றது. அம்மா போனபோது ஆஸ்பத்திரியில் அவள் வளையலை அப்படித்தான் கட்டிக் கொடுத்தார்கள். சரி, விடு. பரீட்சை முடியும்வரை போன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கடிதம் மட்டும்தான் என்றால் அதுவும் உன் நல்லதுக்குத்தான். போன் இருந்தால் நானே நாளுக்கு நாலு தடவை கூப்பிட்டு உன் கழுத்தை அறுப்பேன்.

முந்தின வருஷம் பதினொரு மார்க்கில் போச்சு. போன வருஷம் மூன்று மார்க்கில் போச்சு. மூளை அறுவை மேற்படிப்புக்கு ஆறே ஆறு இடம், உன்னை மாதிரி எழுதுகிற டாக்டர்கள் ஆயிரக்கணக்கில். மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள், இது மூன்றாவது. எனக்கு எல்லாம் தெரியும், அதனால் நீ திரும்பத் திரும்பச் சொல்லிப் பயமுறுத்தாதே. அது கிடைக்காவிட்டால் நீ நடைப்பிணமாகிவிடுவாய் என்றும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இந்த மூன்று மாதம் வேறெதையும் நினைக்காமல் படி.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பாய். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேனா, பின்னாலிருந்து பழக்கடைக்காரர், "ஏம்மா, செருப்பு! செருப்பு!" என்று கத்துகிறார். யாரையோ அடிக்கப் போகிறார் என்று திரும்பிப் பார்த்தால், என் வலது கால் செருப்பு நடுரோட்டில் கிடக்கிறது. வெறுங்காலோடு இருபது அடி வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. தம்பி நினைப்பில் வந்துட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன். இப்படிக்கூட ஒரு பாசமா என்று காஜாம்மா கேலி பண்ணுகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 18, ஞாயிறு

என் அக்காவுக்கு,

இங்கே சுகமா துக்கமா என்பதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். இப்போது மணி மூன்று. அதனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன்.

இந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கட்டடத்துக்கு நாலு மாடி. சனிக்கிழமைதோறும் இருநூறு கேள்வி, ஞாயிறு சாயங்காலம் படிக்கட்டுச் சுவரில் மார்க் ஒட்டுவார்கள். முதல் இருபது பேருக்கு நாலாம் மாடி. பெரிய ஜன்னல், காற்று, ஆளுக்கொரு மேஜை. அடுத்தவர்களுக்கு மூன்று, அடுத்தவர்களுக்கு இரண்டு, இப்படியே இறங்கும். கடைசி ஆட்களுக்குத் தரைக்கு அடியில் இருக்கிற கீழ்த்தளம். அங்கே ஜன்னல் கிடையாது, சுவர் முழுக்க ஈரம், தலைக்கு மேல் சாக்கடைக் குழாய் ஓடுகிறது. மார்க் ஒட்டிய அரைமணி நேரத்தில் எல்லாரும் மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஏறுகிறவன் ஏறவும் இறங்குகிறவன் இறங்கவும் வேண்டும். படிக்கட்டில் யாரும் யாருடனும் பேசுவதில்லை. மெத்தை முகத்தை மறைத்துவிடுவது பெரிய வசதி.

நான் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். அறைத்தோழன் ஒருவன், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன், நாங்கள் அவனைக் கண்ணாடி என்றே கூப்பிடுகிறோம். கண் வைத்தியம் பார்க்க வேண்டிய ஆள், அவனும் மூளைக்குத்தான் முட்டி மோதுகிறான். நல்லவன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மேல் மாடியில் ஒண்ணாம் நம்பர் என்று ஒருத்தன். எந்த வாரமும் அவன் மெத்தை கீழே இறங்கியதே இல்லை.

சாப்பாட்டு மேஜையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும். யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி கொண்டுவந்தவன் அன்றைக்குத் தட்டுக் கழுவ வேண்டாம். வந்த நாளிலிருந்து நான் தட்டுக் கழுவுகிறேன். நீ வீட்டில் பழக்கியிருந்தால் இவ்வளவு அவமானம் தெரியாது.

செருப்பு தேய்ந்திருக்கும். கணுக்காலில் வார் கட்டுகிற மாதிரி ஒன்று வாங்கிக்கொள். பாசமாம் பாசம்!

தம்பி


ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கீழ்த்தளத்தை நினைத்தால் எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது. நீ அங்கே இறங்கவே கூடாது, சொல்லிவிட்டேன்.

வார் வைத்த செருப்பு வாங்கிவிட்டேன். இப்போது கழலுவதில்லை. ஆனால் அது மடங்கி, காலுக்கடியில் சிக்கி, நான் அதன்மேலேயே நடந்திருக்கிறேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். இதைவிடப் பெரிய வேடிக்கை, போன வாரம் இரண்டு தடவை வலது கால் பெருவிரல் தானாக டக் டக்கென்று துள்ளியது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், நில் என்றால் நிற்கவில்லை. ஒரு நிமிஷம் ஆடிவிட்டுத் தானே அடங்கியது. "யாரோ ஒங்கள நெனைக்கிறாங்க" என்றாள் காஜாம்மா. நினைக்கிறவர்களுக்குப் பெருவிரல்தானா கிடைத்தது?

மெஷின் மிதிதான் தொந்தரவு. காலை எடுத்துவிட்டதாக நினைக்கிறேன், எடுக்கவில்லை, தையல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் பள்ளிக்கூடச் சட்டையின் ஒரு கையோடு மறு கையைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். காலையில் எழுந்தால் மண்டையை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலி. வாந்தி எடுத்தால் கொஞ்சம் தெளியும், மதியத்துக்குள் ஒன்றுமில்லாமல் போய்விடும். அப்புறம் நான்தான் இப்படிப் புலம்பினேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? படிப்புக்கு நடுவில் ஒரு வரி எழுது.

அக்கா


பிப்ரவரி 15, ஞாயிறு

என் தங்கமான அக்காவுக்கு,

மூன்றாம் மாடி! மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கால் தரையில் படவில்லை. கண்ணாடியும் என்னோடு ஏறிவிட்டான், அதே அறை. ஆனால் அவன் என்னைவிட ஆறு மார்க் குறைவு. கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

உனக்கு ஒரு நல்ல கூத்துச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மேஜைக்குக் கொண்டுபோக என்னிடம் கேள்வியே இல்லை. பையில் உன் கடிதம் இருந்தது. சட்டென்று அதையே கேள்வியாக்கிவிட்டேன். கேள்:

'நாற்பத்து மூன்று வயதுப் பெண். தையல் தொழில். சில வாரங்களாக வலது கால் செருப்பு கழன்று விழுவது அவருக்குத் தெரிவதில்லை. வலது கால் பெருவிரல் அவ்வப்போது தானாகத் துள்ளுகிறது. காலையில் தலைவலியும் வாந்தியும், மதியத்துக்குள் சரியாகிறது. நோய் என்ன? அடுத்து என்ன செய்வாய்?'

ஒண்ணாம் நம்பர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, நான் முடிப்பதற்கு முன்னால் விடையைச் சொல்லிவிட்டான். மேஜையில் எட்டுப் பேரில் ஏழு பேர் தலையாட்டினார்கள். எனக்கே அப்போதுதான் உறைத்தது, அட, ஆமாம், புத்தகத்தில் வரிக்கு வரி இப்படித்தானே இருக்கிறது என்று. "இவ்ளோ ஈஸியாவா கேப்ப? போ, போயி தட்டக் கழுவு" என்றான். கழுவினேன்.

கண்ணாடி மட்டும் அறைக்கு வந்த பிறகு, "டேய், அது யாரு? நெசமான ஆளா?" என்று கேட்டான். "புஸ்தகம்டா" என்று சொல்லிவிட்டேன். அக்கா கடிதத்தைக் காட்டித் தட்டிலிருந்து தப்பிக்கப் பார்த்தான் என்று பேர் வந்தால் இங்கே குடியிருக்க முடியாது.

நீ ஒன்றும் யோசிக்காதே. பரீட்சையில் செருப்பு கழன்றால் அதற்குப் பெரிய காரணம் இருக்கும். நிஜத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குச் செருப்பு கழன்றால் செருப்புதான் காரணம். நாள் முழுக்க ஊசியில் நூல் கோக்கிறாய், கண்ணைச் சோதித்துக்கொள், தலைவலி போய்விடும். வாந்தி பித்தம். தண்ணீர் நிறையக் குடி.

இன்னும் இரண்டு மாதம்தான்.

தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாம் மாடிச் செய்தியைக் காஜாம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நாளைக்கே நீ யார் மண்டையையோ திறக்கப் போகிறாய் என்று எதிர்வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

என்னைக் கேள்வியாக்கிவிட்டாயே, படவா! எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சத்தமாகக் காஜாம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் காஜா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வெட என்ன?" என்றாள். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏழு பேருக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய், என்னவென்று எழுதவில்லை.

கண்ணைச் சோதித்துவிட்டேன். கண் நன்றாக இருக்கிறதாம்.

புதன்கிழமை மாடிப்படியில் விழுந்தேன். மூன்று படிதான். கால் தூக்கி வைத்தேன் என்று நினைத்தேன், அது தூக்கவில்லை. முழங்கை வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. விரல் இப்போது தினமும் துள்ளுகிறது, ஒரு தடவை முழங்கால் வரை ஏறியது. சனிக்கிழமை காலை வாந்தி எடுத்துக் களைத்துப்போய்க் குளியலறைத் தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு விடை என்னப்பா?

அக்கா


மார்ச் 15, ஞாயிறு

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மூன்று ஞாயிறு நான் நானாக இல்லை. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, அப்புறம் போன ஞாயிறு ஒரே தாவலில் நாலாம் மாடி. இப்போது பெரிய ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காற்று வருகிறது. தூக்கம் வருவதில்லை.

கண்ணாடி போய்விட்டான். நான் ஏறியபோது அவன் கீழ்த்தளத்துக்கு இறங்கினான். திங்கட்கிழமை காலையில் ஆளைக் காணவில்லை. மெத்தை சுருட்டி வைத்திருந்தது, அதன்மேல் அவன் கண்ணாடி இருந்தது. அது இல்லாமல் அவனுக்குப் பத்தடிக்கு மேல் தெரியாது. எப்படிப் படியேறி வெளியே போனான், எங்கே போனான், யாருக்கும் தெரியவில்லை. வார்டன் கண்ணாடியை எடுத்துத் துணிப்பையில் போட்டுக் கட்டி, நம்பர் ஒட்டிவிட்டுப் போனார். யாரும் தேடவில்லை, அன்றைக்கு வகுப்பு இருந்தது. ஒரு ஆள் குறைந்தான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

நீ விடை கேட்டிருந்தாய். அது வாயில் நுழையாத பெயர், உனக்கு எதற்கு? தெரிந்தால் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாய். இங்கே படிக்கிற எல்லாருக்கும் படிக்கிற எல்லா வியாதியும் வரும். எனக்கு இந்த மாதம் மட்டும் மூன்று புற்றுநோய் வந்து போய்விட்டது. தவிர, புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்கு வயசு நாற்பத்தைந்து. உனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

அக்கா, தப்பாக நினைக்காதே, கோபித்துக்கொள்ளாதே. பரீட்சை ஏப்ரல் பன்னிரண்டு. அதுவரை உடம்பைப் பற்றி எழுதாதே. உன் கடிதம் வந்தால் அரைமணி நேரம் போய்விடுகிறது, மனசு திரும்பி வர இன்னொரு அரைமணி. அந்த ஒரு மணி நேரத்தில் ஒண்ணாம் நம்பர் நாற்பது பக்கம் படித்துவிடுகிறான். நல்ல செய்தி மட்டும் எழுது. முடிந்ததும் நானே வந்து உன்னைத் தலை முதல் கால் வரை பார்க்கிறேன், சத்தியம்.

தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

நாலாம் மாடிக்கு என் வாழ்த்து. ஜன்னலை மூடி வைக்காதே.

இங்கே நல்ல வெயில். பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் தைத்து அனுப்பியாகிவிட்டது. எதிர்வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். காஜாம்மாவுக்குக் கொஞ்ச நாளாக வாய் குறைந்துவிட்டது, அதிசயம்தான். என் கையெழுத்து பெரிதாகத் தெரிந்தால், விளக்கு சரியில்லை என்று வைத்துக்கொள்.

அந்தக் கண்ணாடிப் பிள்ளையின் வீட்டுக்கு யாராவது தகவல் சொன்னார்களா? சொல்லியிருக்காவிட்டால் நீ சொல்.

பன்னிரண்டாம் தேதி நிதானமாக எழுது. கேள்வியை முழுசாகப் படி. நீ கேட்டபடி எழுதியிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 26, ஞாயிறு

அக்கா, அக்கா, அக்கா!

ஆறாவது! ஆறு இடத்தில் ஆறாவது இடம்! சுவரில் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழாவது ஆள் எனக்கு இரண்டே மார்க் பின்னால். பாவம், அவன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான், பார்த்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டான். இன்னும் நேர்முகத் தேர்வு பாக்கி, மே ஒன்பது. அதில் சொதப்பாமல் இருந்தால் இடம் எனக்குத்தான்.

இதைக் கேள், உனக்கு ரொம்பப் பிடிக்கும். நூற்று அறுபத்து மூன்றாவது கேள்வி என்ன தெரியுமா? நீதான்! நாற்பத்து நாலு வயதுப் பெண், கழன்று விழும் செருப்பு, துள்ளும் விரல், காலைத் தலைவலி. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அட, நம்ம அக்கா என்று. எல்லாருக்கும் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், எனக்கு நாலு நொடி. 'அடுத்து என்ன செய்வாய்' என்பதற்கு 'உடனே மூளை ஸ்கேன்' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஒரு கேள்விக்கு நாலு மார்க். இரண்டு மார்க்கில் ஜெயித்திருக்கிறேன். அப்படியென்றால் இந்த இடமே நீ கொடுத்தது. தட்டுக் கழுவினதும் வீண் போகவில்லை!

மதியம்.

மேலே எழுதியதைக் காலையில் எழுதினேன். சாப்பிட்டுவிட்டு வந்து முடிக்கலாம் என்று பையில் வைக்கும்போது உன் கடிதங்கள் கையில் வந்தன. நாலையும் வரிசையாக வைத்துப் படித்தேன். ஜனவரியில் செருப்பு. அப்புறம் விரல். அப்புறம் விழுந்தது, முழங்கால் வரை ஏறியது. மார்ச்சில் கையெழுத்து. ஒரு வரி கடைப் பலகை எழுத்து மாதிரி பெரிது, அடுத்த வரி கீழே சரிகிறது. விளக்காம்.

வெளியே கடைக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டேன். ஐந்து தடவை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நீ எங்கே இருக்கிறாய்?

விடையைச் சொல்கிறேன். மூளையின் உறையில், உச்சந்தலைக்குக் கீழே, காலை ஆட்டுவிக்கிற இடத்தை அமுக்கிக்கொண்டு ஒரு கட்டி. பெரும்பாலும் கெட்ட கட்டி இல்லை. மெதுவாகத்தான் வளரும். இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடு. நாளை என்று சொல்லாதே, அன்றைக்கே. என் பெயரைச் சொல்.

பரீட்சை முடிந்ததும் வருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, முடிவு வரட்டும் என்று இங்கேயே இருந்துவிட்டேன். இப்போதாவது உடனே வந்திருப்பேன். நேர்முகத்துக்கு முந்தின இரண்டு வாரமும் இங்கே ஒத்திகை, வெளியே போனால் பெயரை எடுத்துவிடுவார்களாம். ஒன்பதாம் தேதி மதியம் முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். இரண்டு வாரம்தான், அக்கா. இரண்டு வாரத்தில் அந்தக் கட்டி ஒன்றும் செய்யாது, புத்தகத்திலேயே இருக்கிறது.

பதில் எழுது. ஒரு வரி போதும்.

தம்பி


மே 4

தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. போன் வீட்டில் இருக்கிறது. நான் காஜாம்மா வீட்டில் இருக்கிறேன், இங்கே படி இல்லை. இதை இரண்டு நாளாக எழுதுகிறேன், நடுநடுவில் கை ஓய்ந்துவிடுகிறது. அவள் எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

நீ சொன்ன ஸ்கேனை மார்ச் பதினெட்டாம் தேதியே எடுத்துவிட்டேன். உன்னிடமிருந்து விடை வரவில்லை, அதனால் உன் கேள்வியை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தேன். வாயால் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும் என்று பயம். அங்கிருந்த சின்ன டாக்டர் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "இத யாரும்மா எழுதுனது?" என்றார். எங்கேயோ பத்திரிகையில் பார்த்தேன் என்று சொன்னேன். அந்த மணி நேரத்திலேயே படம் எடுத்தார்கள். சாயங்காலம் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் உன் கடிதம் கிடந்தது. உடம்பைப் பற்றி எழுதாதே என்று எழுதியிருந்தாய். எழுதவில்லை.

ஏப்ரல் ஏழாம் தேதி மண்டையைத் திறந்தார்கள். ஏழு மணி நேரம். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாம். பெரிய ரத்தக்குழாய் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்த துண்டை மட்டும் விட்டுவிட்டார்கள், அதைத் தொட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க முடியாது. வலது கால் வரவில்லை. கை பாதி வந்திருக்கிறது. முன்னாடியே வந்திருந்தால் கால் நின்றிருக்குமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். மனசறிந்து பேசுகிற மனுஷன். மிதி மெஷினை எல்லாம் காஜாம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன். நான் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறேன், இடது கையால், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம்தான். படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேஜைதான் ஞாபகம் வருகிறது. எட்டு டாக்டர்கள். எல்லாருக்கும் விடை தெரியும். ஒருத்தனாவது எழுந்திருக்கவில்லை. கேட்ட ஒரே பிள்ளையிடமும் நீ புஸ்தகம் என்று சொல்லிவிட்டாய். நீ கெட்டவன் இல்லை, எனக்குத் தெரியும், நான்தானே வளர்த்தேன். நான் கேட்டபோது உனக்குத் தெரியவில்லை என்றால்கூட ஆறியிருக்கும். உனக்குத் தெரிந்திருந்தது.

நேர்முகத்துக்குப் போ. போகாமல் இருந்துவிடாதே, அந்தப் பாரமும் எனக்கு வேண்டாம். நீ நல்ல டாக்டராக வருவாய், எத்தனையோ பேரைக் காப்பாற்றுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏன் இந்தப் பிரிவு என்று கட்டாயம் கேட்பார்கள். என் கதையைச் சொல்லாதே. சொன்னால் அவர்கள் கண் கலங்குவார்கள், உனக்கு மார்க் போடுவார்கள். என்னிடமிருந்து நாலு மார்க் எடுத்துக்கொண்டாய், அது போதும். என் காலை அந்த அறைக்குள் தூக்கிக்கொண்டு போகாதே.

ஒன்பதாம் தேதி பஸ் ஏற வேண்டாம். எப்போது வரலாம் என்று நானே எழுதுகிறேன். எழுதுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெரிய டாக்டர் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காஜாம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லணும், புரிந்துகொள்கிறவர் ஒருத்தர் கூட இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு, "ஒங்க குடும்பத்துல டாக்டர் யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

அக்கா